எரிமலை வெடிக்கப் போகிறதா என்று கேட்டவர்களுக்கு



இத்தாலியில் ஒரு ராட்சச எரிமலை இன்றைக்கோ நாளைக்கோ வெடிக்கப் போகிறது, ஐரோப்பாவே இருண்டுவிடும் என்று ஒரு காணொளி சுற்றுகிறது. இந்த வாரம் மட்டும் பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். என் தம்பி மகன் நேப்பிள்ஸில் ஆராய்ச்சி வேலையில் இருக்கிறான் என்று தெரிந்து, அக்கறையில்தான் அனுப்புகிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத என் விரல் ஒத்துழைக்காது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் வரும். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

அந்தக் காணொளியில் ஓடுகிற நெருப்பு ஆறு அந்த ஊரில் இல்லை. அங்கே கடைசியாக எரிமலை கக்கியது 1538-இல். இப்போது அங்கே நடப்பது வேறு. தரை மேலே ஏறுகிறது. ஊரே, வீடு வாசலோடு, மாதம் 10, 20, சில மாதங்களில் 30 மில்லிமீட்டர் என்று உயர்ந்துகொண்டிருக்கிறது. 2005-இல் தொடங்கியது, இதுவரை 1.4 மீட்டருக்கு மேல் ஏறிவிட்டது. அதாவது ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் உயரம்.

அந்த இடத்துக்குப் பெயர் காம்பி ஃப்ளெக்ரெய். 'எரியும் வயல்கள்' என்று அர்த்தம் சொல்கிறார்கள். கூம்பு மாதிரி மலை எதுவும் கிடையாது. 12, 15 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பெரிய பள்ளம். அதில் பாதி கடலுக்குள், மீதி நேப்பிள்ஸ் நகரத்தின் மேற்குப் பகுதிக்குள். அபாயப் பகுதி என்று அரசாங்கம் குறித்திருக்கும் இடத்தில் மட்டும் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் வசிக்கிறார்கள். பள்ளத்தின் நடுவில் இருக்கிற ஊர் பொட்சுவோலி. என் தம்பி மகன் குடியிருந்தது அதற்குப் பக்கத்தில், பான்யோலி என்ற பகுதியில்.

2025 பிப்ரவரியில் நான் அங்கே போனேன். பேத்தி பிறந்திருந்தாள், மூன்று மாதம் ஒத்தாசைக்கு. போன மறுவாரமே பொட்சுவோலி கடைத்தெருவுக்கு நடுவில் இருக்கிற பழைய ரோமானியச் சந்தையைப் பார்க்கக் கூட்டிப்போனான். 1750-இல் அதைத் தோண்டியெடுத்தபோது செராப்பிஸ் என்ற கடவுளின் சிலை கிடைத்ததால் கோயில் என்று நினைத்து 'செராப்பிஸ் கோயில்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிறகு சந்தை என்று தெரிந்தும் பெயர் ஒட்டிக்கொண்டது. மூன்று பளிங்குத் தூண்கள் நிற்கின்றன, ஒவ்வொன்றும் நாலு ஆள் உயரத்துக்கு மேல் வரும். அடிப்பாகத்தில் ஏறக்குறைய 12 அடிக்கு வழவழப்பு. அதற்கு மேலே ஒரு 9 அடி உயரத்துக்கு மட்டும், அம்மைத் தழும்பு மாதிரி பொத்தல் பொத்தலாக இருக்கிறது. அது கல்லைக் குடையும் ஒரு வகைக் கடல் சிப்பி செய்த வேலை. கடல் சிப்பி தூணில் ஏறி வந்து குடையாது. தூண் கடலுக்குள் இறங்கியிருக்க வேண்டும். அடிப்பாகம் அப்போது மண்ணில் புதைந்திருந்ததால் தப்பித்தது. பிறகு தூண், விழாமல், நின்றபடியே மறுபடியும் மேலே வந்திருக்கிறது. சார்லஸ் லயல் 1830-இல் வெளியிட்ட நிலவியல் நூலின் முகப்புப் படமே இந்த மூன்று தூண்கள்தான். நிலம் அசையாதது என்ற நம்பிக்கைக்கு எதிராக இதைவிட நல்ல சாட்சி அவருக்குக் கிடைக்கவில்லை போலும். நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். குழந்தையை வைத்துக்கொண்டிருந்தவனுக்குத்தான் கை வலித்தது.

ஊர்க்காரர்கள் அதைப் பார்க்க நிற்பதில்லை. அவர்களுக்கு அளவுகோல் படகுத்துறை. தரை ஏறியதால் பழைய துறையில் தண்ணீர் வற்றிப்போய்ப் படகுகள் சேற்றில் உட்கார்ந்திருக்கின்றன. நம் கன்னியாகுமரிக் கடலோரத்துக்காரர்களுக்குக் கடல் உள்வாங்கினால் சுனாமி ஞாபகம்தான் வரும். அங்கே கடல் எங்கேயும் போகவில்லை. தரைதான் ஏறியது.

சரி, தரையைத் தூக்குவது எது?

செங்கல் கட்டுவதற்கு முன்னால் கொத்தனார் அதைத் தொட்டியில் போட்டு நனைப்பதைப் பார்த்திருப்பீர்கள். போட்டவுடன் குமிழ் குமிழாக வரும். கெட்டியாகத் தெரிகிற செங்கல்லுக்குள் அவ்வளவு காற்று இருக்கிறது. அந்த இடத்தில் தண்ணீர் ஏறிக்கொள்கிறது. காம்பி ஃப்ளெக்ரெய்க்கு அடியில் இருப்பதும் அப்படிப்பட்ட பாறைதான். பழைய வெடிப்புகளில் கொட்டிய சாம்பல் இறுகி உண்டான டஃப் என்ற பாறை. அதன் துளைகளிலும் விரிசல்களிலும் மழைத்தண்ணீர், கடல் தண்ணீர், அடியிலிருந்து வரும் வாயு எல்லாம் நிரம்பிக் கிடக்கின்றன. அதற்கும் கீழே, பல கிலோமீட்டர் ஆழத்தில், மாக்மா சூடேற்றுகிறது. 1970களின் கடைசியிலும் 80களின் தொடக்கத்திலும் நீராவி மின்சாரத்துக்காக அங்கே துளை போட்டுப் பார்த்தார்கள். 3 கிலோமீட்டர் ஆழத்தில் 400 டிகிரி செல்சியஸ் தாண்டியது.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று நான் சொல்லிக்கொடுத்ததை அங்கே கொண்டுபோக முடியாது. குக்கரில் வெயிட் போட்டவுடன் கொதிநிலை 120-ஐத் தொடுகிறதல்லவா? அழுத்தம் 100 வளிமண்டலம் ஆனால் கொதிநிலை 310 டிகிரி. ஆழத்தில் அவ்வளவு சூட்டிலும் தண்ணீர் கொதிக்க வழியில்லாமல் அடங்கிக் கிடக்கிறது. அடங்கிக் கிடப்பதுதான் வில்லங்கம்.

இந்த இடத்தில் குக்கரைவிடப் புட்டுக்குழாய் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. புட்டு மாவை உதிரி உதிரியாகப் பிசிறி, நடுவே தேங்காய் வைத்து நிரப்பினால் ஆவி துகள்களுக்கு இடையே புகுந்து மேலே வந்துவிடும். ஒரு குற்றமும் இல்லை. அதே மாவைத் தண்ணீர் கூடுதலாகப் போட்டுப் பிசைந்து, விரலால் அழுத்தி அடைத்துப் பாருங்கள். ஆவிக்கு வழி இருக்காது. கீழே குடத்தில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். கொஞ்ச நேரத்தில் மாவுத் தூண் முழுசாக மேலே நகரும்; இல்லாவிட்டால் நடுவில் விரிசல் விட்டு ஒரே இடத்தில் புஸ்ஸென்று பீறிடும். தூக்குவதும் உடைப்பதும் ஒரே ஆவிதான். எது நடக்கும் என்பது மாவு எவ்வளவு இறுக்கம் என்பதைப் பொறுத்தது.

பாறைக்குள் நடப்பதைச் சரியாகச் சொன்ன ஆள் கார்ல் டெர்சாகி. 1920களில் மண்ணைப் பற்றிச் சொன்னார். பாறைக்கும் பெரும்பாலும் அது பொருந்தும். மேலேயிருந்து அழுத்தும் பாரத்தை இரண்டு பேர் சேர்ந்து சுமக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், கட்டிலை இரண்டு பேர் தூக்குகிற மாதிரி. ஒருவர் பாறைத் துகள்கள். இன்னொருவர் துளைகளில் இருக்கும் தண்ணீர். தண்ணீரின் அழுத்தம் கூடினால் அது சுமக்கும் பங்கு கூடும், துகள்களின் பங்கு குறையும். குறைந்தால் என்ன? துகள்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருந்த பிடி தளர்கிறது. பாறை கொஞ்சம் உப்புகிறது. மேலே தரை ஏறுகிறது. சூட்டினால் துகள்கள் தாமே விரிவதும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

எவ்வளவு பலம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் கார் டயரில் இருப்பது சுமார் 2 வளிமண்டல அழுத்தம். அதைப்போல ஐந்து மடங்கு, அதாவது 10 வளிமண்டல அழுத்தம், பாறைத் துளைகளில் கூடுதலாக ஏறியது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் அது மேல்நோக்கித் தள்ளும் விசை 10 கோடி டன் எடைக்குச் சமம். பயப்படாதீர்கள், மறுபக்கத்தையும் போட வேண்டும். அந்த ஒரு சதுர கிலோமீட்டருக்கு மேல் 2 கிலோமீட்டர் தடிமனுக்கு இருக்கிற பாறையின் எடை ஏறக்குறைய 400 கோடி டன். அதனால் மூடி பறந்துவிடாது. பாரம் நாற்பதில் ஒரு பங்கு லேசாகிறது, தரை கொஞ்சம் உப்புகிறது, அவ்வளவுதான். ஊரே ஏறினாலும் வீடுகள் நின்றபடி நிற்பது இதனால்தான். அந்தத் தூண்களும் அப்படித்தான் நின்றன.

அப்படியென்றால் பூகம்பம் ஏன்? 12-ஆம் வகுப்பில் என்னிடம் படித்தவர்களுக்கு டம்ளர் விளையாட்டு ஞாபகம் இருக்கும். ஸ்டீல் டம்ளரை வெந்நீரில் கழுவி, ஈரமான கிரானைட் மேடையில் கவிழ்த்து வைத்தால், யாரும் தொடாமலே அது வழுக்கிக்கொண்டு நகரும். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று சூட்டில் விரிகிறது, டம்ளரைத் துளி தூக்கிப் பிடிக்கிறது, மேடைக்கும் விளிம்புக்கும் இடையே இருந்த உராய்வு போய்விடுகிறது. மேடை துளியளவு சாய்ந்திருந்தாலே போதும். பாறையில் ஏற்கெனவே பழைய பிளவுகள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு, நகர முடியாமல், இழுபறியில் நிற்கின்றன. அந்த இடுக்கில் அழுத்தமான தண்ணீர் புகுந்தால் பிடி தளர்ந்து சறுக்கும். சறுக்கல்தான் பூகம்பம். ஹப்பர்ட், ரூபி என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1959-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதே சோதனையைக் கண்ணாடிப் பலகை மேல் காலி பீர் டின்னை வைத்துச் செய்து காட்டினார்கள். நம் பள்ளிக்கூடத்தில் பீர் டின்னுக்கு எங்கே போவது, நான் டம்ளரோடு நிறுத்திக்கொண்டேன்.

சறுக்குவது ஒரு வகை. புதிதாகப் பிளப்பது இன்னொரு வகை. சாக்பீஸை நுனியிலிருந்து நுனிக்கு அழுத்தி நசுக்கிப் பாருங்கள், கஷ்டம். வளைத்தால் டக்கென்று ஒடியும். வளைக்கும்போது ஒரு பக்கம் இழுபடுகிறது; இழுப்பைத் தாங்க அதற்குச் சக்தி இல்லை. பாறையும் அப்படித்தான்: நசுக்கலைத் தாங்குகிற பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இழுப்பைத் தாங்கும். துளைத் தண்ணீரின் அழுத்தம், பாறையை நாலாபுறமும் நெருக்குவதில் எந்தப் பக்கம் நெருக்கம் குறைவோ அதை மிஞ்சினால், அந்தத் திசையில் பாறையை விலக்கிக்கொண்டு புது விரிசல் திறக்கும். விரிசல் திறந்தால் தண்ணீருக்கு வழி. வழி கிடைத்தால் அழுத்தம் இறங்கும். அழுத்தம் இறங்கினால் அத்தனை நேரம் அடங்கிக் கிடந்த வெந்நீர் ஒரே நொடியில் ஆவியாகும். சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1,700 லிட்டர் ஆவியாகும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். இது தரைக்குப் பக்கத்தில் நடந்தால் குழியே பறந்துவிடும்.

மார்ச் 13-ஆம் தேதி. நள்ளிரவு தாண்டி 1.25 மணி. பேத்திக்குப் பால் புகட்டிவிட்டு அப்போதுதான் கண் அசந்தேன். முதலில் சத்தம் வந்தது, லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி. அப்புறம் அடியிலிருந்து ஒரு குத்து. ஊஞ்சல் மாதிரி ஆடும் என்று நினைத்திருந்தேன். ஆடவில்லை, குத்தியது. அலமாரியில் இருந்த பாத்திரம் எல்லாம் கீழே. "அத்தை, பாப்பாவை எடுங்க"ன்னு அவன் கத்துவதற்கு முன்னால் நான் எடுத்திருந்தேன். படிக்கட்டில் சுவர்ப்பூச்சு உதிர்ந்து கிடந்தது, செருப்பில்லாத காலில் குத்தியது. தெருவில் போர்வையும் பிள்ளையுமாக ஊரே நின்றது. விடியும்வரை காருக்குள் இருந்தோம். அளவு 4.6 என்று பிறகு சொன்னார்கள். 4.6 என்பது பெரிய எண் இல்லை. ஆனால் அங்கே வருவதெல்லாம் 2, 3 கிலோமீட்டர் ஆழத்தில் வருகிறது. பக்கத்து வீட்டில் வெடி வெடிப்பதற்கும் நாலு தெரு தள்ளி வெடிப்பதற்கும் உள்ள வித்தியாசம். அந்தப் பகுதியில் வீடுகளில் சேதம், ஒரு பெண்ணை இடிபாட்டிலிருந்து மீட்டார்கள். நான் ஊர் திரும்பிய பிறகு ஜூன் 30-இல் மறுபடியும் ஒரு 4.6.

நான் சொல்ல வந்தது இதுதான். அந்த இரவில் எங்களைத் தெருவுக்குக் கொண்டுவந்த குத்துக்கு, மாக்மா மேலே வந்துதான் ஆக வேண்டும் என்று இல்லை. அடைபட்ட ஆவியும் வெந்நீரும் வாயுவும் போதும். காணொளிக்காரர்கள் 'எரிமலையா இல்லையா' என்று மட்டும் கேட்கிறார்கள். எரிமலை இல்லை, 'வெறும் தண்ணீர்' என்றால் நிம்மதி என்று நம் குடும்பக் குழுவிலும் சிலர் எழுதினீர்கள். வெறும் தண்ணீருக்கு நான் பயப்படுகிறேன்.

ஜப்பானில் ஒன்டாகே மலையில் 2014 செப்டம்பர் 27, சனிக்கிழமை மத்தியானம், மலையேறியவர்கள் உச்சியில் கட்டுச்சோறு பிரித்துக்கொண்டிருந்த நேரம். புது மாக்மா வெளியே வரவில்லை. ஆவிதான் வெடித்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து 63 பேர். தென்கொரியாவில் போஹாங் என்ற ஊர்ப்பக்கம் எரிமலையே கிடையாது. பூமிச்சூட்டில் மின்சாரம் எடுக்க 4 கிலோமீட்டருக்கு மேல் துளைபோட்டு, சூடான பாறைக்குள் அழுத்தமாகத் தண்ணீர் செலுத்தினார்கள். 2017 நவம்பர் 15-இல் 5.4 அளவில் பூகம்பம். அந்தத் தண்ணீர்தான் தூண்டியது என்று அரசாங்கம் அமைத்த குழுவே 2019-இல் சொல்லிவிட்டது. மறுநாள் நடக்க வேண்டிய கல்லூரி நுழைவுத் தேர்வை நாடு முழுவதும் ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். ஏறக்குறைய ஆறு லட்சம் பிள்ளைகள். தேர்வுக்கு முந்தின ராத்திரி பிள்ளைகள் இருக்கும் நிலை ஆசிரியருக்குத்தான் தெரியும்.

பொட்சுவோலிக்கு வருகிறேன். அங்கே தரை ஏறுவது மட்டுமில்லை, இறங்கவும் செய்கிறது. 1982-இலிருந்து 84 வரை ஏறக்குறைய 1.8 மீட்டர் ஏறியது. பிறகு இருபது வருஷத்தில் சுமார் 90 சென்டிமீட்டர் இறங்கியது. 2005-க்குப் பிறகு மறுபடி ஏற்றம். மெதுவாக ஏறி இறங்கும் இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பிராடிசிஸம்; கிரேக்கத்தில் 'மெதுவான அசைவு'. மேலே புகுந்த மாக்மா அவ்வளவு சுலபமாகத் திரும்பிப் போகாது. தண்ணீரும் வாயுவும் போகும், விரிசல் வழியாகக் கசிந்துவிடும். இறக்கத்தைப் பார்த்தால் பெரும்பங்கு தண்ணீரின் வேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அங்கேயே பிறந்து வளர்ந்து, 1980களில் சிறுமியாக வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட ஒருவர், டிசியானா வனோரியோ, இப்போது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பாறைகளை ஆராய்கிறார். ஆழ்துளைகளில் எடுத்த பாறையை ஆராய்ந்து 2015-இல் அவர் குழு சொன்னது: அங்கே ஆவிக்கு மேலே மூடியாக இருக்கும் பாறை, பண்டைய ரோமானியக் கான்கிரீட்டின் உறவுக்காரன். உள்ளே நார் நாராகக் கனிமங்கள் பின்னியிருக்கின்றன. அதனால் சட்டென்று உடையாமல் வளைந்து கொடுக்கிறது. இதில் ஒரு அழகு இருக்கிறது. ரோமானியர்கள் சுண்ணாம்போடு கலந்து கடலுக்குள் துறைமுகம் கட்டிய எரிமலைச் சாம்பல் இந்த ஊர்ச் சாம்பல்தான். ஊர்ப் பெயரிலிருந்துதான் 'பொஸ்ஸலானா' என்ற சொல் வந்தது. நீங்கள் வீடு கட்ட வாங்குகிற பி.பி.சி. சிமெண்ட் மூட்டையில் நடுவில் இருக்கிற 'பி' அதுதான். நம் ஊரில் அதில் கலப்பது பெரும்பாலும் அனல்மின் நிலையச் சாம்பல், ஆனால் செய்கிற வேலை ஒன்று. இதைச் சொன்னதும் கட்டட கான்ட்ராக்டராக இருக்கிற என் பழைய மாணவர் ஒருவர் "டீச்சர், முப்பது வருஷமா அந்த மூட்டையத் தூக்குறேன்" என்று போனில் சிரித்தார்.

2025-இல் அதே வனோரியோ குழு இன்னொரு படி போனது. விரிசல் விட்ட பாறைக்குள் சூடான உப்புத் தண்ணீரைச் செலுத்தினால், கரைந்திருக்கும் கனிமங்கள் படிந்து விரிசல் சீக்கிரமே அடைபட்டுவிடுகிறது என்று ஆய்வகத்தில் காட்டினார்கள். வெந்நீர்க் குழாயில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்கிறதே, அதுதான். ஆக சுற்று முழுசாகிறது: அடைப்பு, அழுத்தம் ஏற்றம், தரை உப்பல், விரிசல், பூகம்பம், கசிவு, மறுபடி அடைப்பு. மழைத்தண்ணீர் உள்ளே இறங்குவதைக் கட்டுப்படுத்தினால் அழுத்தத்தைக் குறைக்கலாம் என்பது அவர்கள் யோசனை. எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆழத்தில் மாக்மாவும் நகர்கிறது, அது விடுகிற வாயு கூடிக்கொண்டிருக்கிறது, மழையைக் குறை சொல்லிப் பயனில்லை என்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமும் ஆதாரம் இருக்கிறது: சொல்ஃபதாரா என்ற இடத்திலிருந்து ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. 2017-இல் ஒரு விபத்தில் மூன்று பேர் இறந்தபிறகு அதைப் பார்வையாளர்களுக்கு மூடிவிட்டார்கள். வேலிக்கு வெளியிலேயே அழுகிய முட்டை வாடை மூக்கைத் துளைக்கும்.

வேகமாகத் தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்று நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு அம்மா. அன்று ராத்திரி எங்களுக்கு முன்னால் காரில் ஏறி, பிளாஸ்கில் காபியோடு உட்கார்ந்திருந்தவர். ரியோனே தெர்ரா என்ற பழைய குடியிருப்பில் பிறந்தவராம். 1970 மார்ச் 2-ஆம் தேதி, தரை ஏறுகிறது என்று சொல்லி, ராணுவம் வந்து அங்கிருந்த ஏறக்குறைய 3,000 பேரை ஒரே நாளில் கிளப்பிவிட்டது. எரிமலை வரவில்லை. அந்த மக்கள் தங்கள் வீடுகளுக்குத் திரும்பவும் இல்லை. 1983-84இல் மறுபடி; இம்முறை 40,000 பேர். அவர்களுக்காக மொன்டெருஷெல்லோ என்று புதிய நகர் ஒன்றையே கட்டினார்கள். அப்போதும் எரிமலை வரவில்லை. அந்த அம்மா இரண்டு முறையும் வெளியேறியவர். "இன்னொரு தடவை போகச் சொன்னால் போவீர்களா?" என்று தம்பி மகனை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டேன். கட்டிலுக்கு அடியில் பூட்ஸும் மருந்துப் பையும் எப்போதும் தயார் என்றார். போக மாட்டேன் என்றும் சொல்லவில்லை, போவேன் என்றும் சொல்லவில்லை.

1538-இல் எரிமலை வந்ததும் உண்மை. அதற்கு முன்னால் தரை பல மீட்டர் ஏறியது. பின்வாங்கிய கடலோரத்தில் கிடந்த மீனை மக்கள் அள்ளினார்கள் என்று அந்தக் காலத்துக் குறிப்புகள் சொல்கின்றன. செப்டம்பர் 29-இல் வெடித்து, ஒரு வாரத்துக்குள் 130 மீட்டர் உயரத்துக்கு ஒரு குன்றே முளைத்தது. 'புது மலை' என்று பெயர். இன்றைக்கு அதன் மேல் மரம் அடர்ந்திருக்கிறது. ஆகவே தண்ணீர்தான் தூக்குகிறது என்று தெரிந்தாலும், அடியில் அடுப்பு எரிவது இல்லாமல் போய்விடாது. அடுப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதை உலையின் ஆட்டத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் வாயுவின் கலவை, நிலநடுக்கத்தின் ஆழம், தரை ஏறும் வேகம் எல்லாவற்றையும் சேர்த்து அங்கே கண்காணிக்கிறார்கள். 2012-இலிருந்து எச்சரிக்கை நிலை மஞ்சள். செவ்வாய்க்கிழமை தோறும் அறிக்கை வெளியாகிறது. இத்தாலி மொழி தெரியாவிட்டாலும் எண்கள் புரியும்.

எங்கள் வீட்டு முடிவைக் கேட்டவர்களுக்கு: என் தம்பி "வேலையை விட்டுட்டு ஊருக்கு வா" என்றான். தம்பி மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் ஆதரித்தது வேறு விஷயம், அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை: ஊரை விட வேண்டியதில்லை, கட்டடத்தை விட வேண்டும். அவர்கள் இருந்தது டஃப் கல்லால் கட்டிய பழைய வீடு. ஆழம் குறைந்த பூகம்பம் முதலில் சோதிப்பது அந்த மாதிரிச் சுவரைத்தான். 1980 நவம்பரில் அந்தப் பக்கம் நடந்த பெரும் பூகம்பத்துக்குப் பிறகு கட்டட விதிகளைக் கடுமையாக்கினார்கள். அதற்குப் பின் கட்டிய கான்கிரீட் கட்டடமாக, பள்ளத்துக்கு வெளியே பார் என்றேன். நேரே கிழக்கே தள்ளிப்போகலாம் என்று பார்த்தால் அங்கே வெசுவியஸ் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஊரில் வீடு தேடுவது அவ்வளவு சுலபமில்லை. கடைசியில் வடக்குப் பக்கம் கிடைத்தது. செப்டம்பரில் மாறிவிட்டார்கள். வேலைக்குப் போக முக்கால் மணி நேரம் கூடுதல், வாடகை மாதம் 200 யூரோ கூடுதல். "வெறும் தண்ணிக்கா அக்கா இவ்வளவு செலவு?" என்று தம்பி கேட்டான். அவன் என்னிடம் படிக்கவில்லை, வேறு பள்ளி.

டம்ளர் சோதனையைச் செய்து பார்க்கிறவர்கள் கண்ணாடி டம்ளர் எடுக்க வேண்டாம், வழுக்கிக் கீழே விழுந்தால் உங்கள் வீட்டில் என்னைத்தான் சொல்வார்கள். கேள்வி இருந்தால் கீழே எழுதுங்கள். அந்தக் காணொளியை மட்டும் இனி அனுப்ப வேண்டாம். என் போனில் இடமில்லை. மத்தியானம் கொஞ்சம் படுத்து எழுந்து ஒவ்வொன்றாகப் பதில் போடுகிறேன்.